மரத்திலிருந்து கார்பன் ஃபைபர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளில் கார்பன் ஃபைபர் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், கேள்வி நேரம் வந்ததும் பேச்சு செடிகொடிகள் பக்கம் போய்விடும். "பெட்ரோலியம் இல்லாம செய்ய முடியாதா?" என்று ஒருவர் தொடங்குவார். அடுத்தவர் தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவருவார். சில ஆண்டுகள் இழை நூற்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்விகள் மிகவும் பிடிக்கும். ஒரே சந்தேகங்களைப் பலரிடம் கேட்ட பிறகு, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "செடியிலிருந்து கார்பன் ஃபைபர்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன. செடியில் இயற்கையாக இருக்கும் பொருளையே நூலாக்கிச் சுடுவது ஒன்று. செடியின் சர்க்கரையையோ எண்ணெயையோ வேதிவினையால் மாற்றி, இன்று பெட்ரோலியத்தில் கிடைக்கும் அதே மூலப்பொருளைச் செய்வது இன்னொன்று. குழப்பம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

கார்பன் ஃபைபர்னா என்ன? கரியும் அதுவும் ஒண்ணுதானே?

இரண்டிலும் இருப்பது கார்பன்தான், ஆனால் அடுக்கு வேறு. அடுப்புக்கரியில் கார்பன் அணுக்கள் சின்னச் சின்னத் திட்டுகளாகக் கண்ட திசையில் கிடக்கும், நடுவே ஏகப்பட்ட ஓட்டைகள் இருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கார்பன் ஃபைபரில் அதே அணுக்கள் கிராஃபைட் போன்ற மெல்லிய தாள்களாகச் சேர்ந்து, அந்தத் தாள்கள் பெரும்பாலும் இழையின் நீளவாக்கில் படுத்திருக்கும். இழுக்கும்போது அணுப் பிணைப்புகளே நேராக விசையைத் தாங்குகின்றன.

ஓர் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டாக்கி, துணியாக நெய்து, எபாக்சி பிசினில் தோய்த்து இறுக்கிய பிறகுதான் அது சைக்கிள் சட்டமாகவோ விமான இறக்கையாகவோ மாறும்.

இப்ப கடையில விக்கிறதை எதிலிருந்து செய்றாங்க?

பெட்ரோலியத்திலிருந்து. விற்பனைக்கு வரும் கார்பன் ஃபைபரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற பாலிமர் நூலில் இருந்து வருகிறது. இனி அதைச் சுருக்கமாகப் ‘பான்’ என்கிறேன். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்கு இது நெருங்கிய உறவு. புரொப்பிலீன், அம்மோனியா, காற்று மூன்றும் சேர்ந்து வினைபுரிந்தால் அக்ரிலோநைட்ரைல் கிடைக்கும், அதைச் சங்கிலியாகக் கோத்தால் பான். அமெரிக்காவின் சோஹியோ நிறுவனம் 1960-இல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்த முறை இது. இன்றும் உலகம் இதைத்தான் நம்பியிருக்கிறது.

பான் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை காற்றில் சூடாக்குவார்கள். வெள்ளை நூல் பழுப்பாகி, கறுத்து, உருகாத நிலைக்கு வந்துவிடும். இதற்கு நிலைப்படுத்துதல் என்று பெயர். அப்புறம் நைட்ரஜன் நிரப்பிய உலையில் 1,000 முதல் 1,500 டிகிரி வரை. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காற்று உள்ளே போனால் மிஞ்சுவது சாம்பல், போகாவிட்டால் கரி. நைட்ரஜன் இங்கே அந்த மண் பூச்சின் வேலையைச் செய்கிறது.

செடியிலிருந்து செய்றது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. முதல் கார்பன் இழைகளே செடியிலிருந்து வந்தவைதான். தாமஸ் எடிசன் 1879-80-இல் மின்விளக்குக்கு இழை தேடியபோது பருத்தி நூல், காகித அட்டை என்று பலதையும் கரியாக்கிப் பார்த்தார். கடைசியில் ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகிலுள்ள யவாட்டா மூங்கில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. அங்குள்ள இவாஷிமிசு ஹச்சிமான் கோயில் வளாகத்தில் எடிசனுக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

வலிமைக்கான கார்பன் ஃபைபரின் கதையும் செடியில்தான் தொடங்கியது. மரக்கூழில் இருக்கும் செல்லுலோஸைக் கரைத்து நூற்பதுதான் ரேயான். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் 1959-இல் ரேயான் துணியைக் கரியாக்கி விற்றது. 1960களின் நடுவில், இழையைச் சுமார் 2,800 டிகிரியில் இழுத்து நீட்டி விறைப்பைப் பல மடங்கு கூட்டினார்கள். பான் பிற்பாடு வந்தது. ஒசாகாவில் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த அகியோ ஷிண்டோ 1960-ஐ ஒட்டி அதற்கு வழி திறந்தார், 1971-இல் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஆக நாம் இன்று தேடுவது ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிய பாதை.

அப்ப ஏன் ரேயானை விட்டுட்டாங்க?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். செல்லுலோஸின் எடையில் கார்பன் 44 சதவீதம்தான், பெரும்பகுதி ஆக்சிஜன். பானில் கார்பன் 68 சதவீதம். அந்த 44-ஐயாவது முழுதாகக் காப்பாற்ற முடிந்தால் பரவாயில்லை. சூடு ஏற ஏற செல்லுலோஸ் உடைந்து லெவோகுளுக்கோசான் என்ற ஆவியாகும் பொருளாகிப் பறந்துவிடுகிறது, போகும்போது கார்பனையும் கூட்டிக்கொண்டு போகிறது. கையில் மிஞ்சுவது பல நேரங்களில் 10 முதல் 30 சதவீதம். ஒரு கிலோ கார்பன் ஃபைபருக்கு நான்கைந்து கிலோ ரேயான் வேண்டும். பான் என்றால் இரண்டு கிலோ போதும்.

அதோடு, ரேயான் இழைக்கு ஒழுங்கான அடுக்கு வரவேண்டுமானால் அந்த 2,800 டிகிரியில் இழுக்க வேண்டும். பானை அதற்கு வெகு கீழேயே, நிலைப்படுத்தும் கட்டத்திலேயே இழுத்து ஒழுங்குபடுத்திவிடலாம். மூலப்பொருளும் கூடுதல், மின்சாரமும் கூடுதல் என்றால் எந்த ஆலை தாங்கும்?

லிக்னின்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

மரத்துக்குள் செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் சிமெண்ட். கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து மரத்தை நிமிர்ந்து நிற்க வைப்பது அதுதான். மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம். தூளாக எடுத்தால் காபித்தூள் நிறத்தில் இருக்கும், காகித ஆலையிலிருந்து வந்ததென்றால் லேசான கந்தக வாடையும் அடிக்கும். நார்வேயில் போரெகார்ட் என்ற நிறுவனம் ஸ்புரூஸ் மரத்து லிக்னினில் இருந்து ஐஸ்கிரீமுக்குப் போடும் வனிலின் எடுக்கிறது. அந்த அளவுக்கு வளமான பொருள்.

நம் விஷயத்துக்கு வந்தால், லிக்னினில் கார்பன் 60 சதவீதத்துக்கு மேல். ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த பென்சீன் வளையங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, அதனால் சுடும்போது எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை தங்குகிறது. ரேயானில் பார்த்த பெரிய நட்டம் இங்கே இல்லை. ஆய்வாளர்கள் இதன் பின்னால் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

பேப்பர் மில்லுல வீணாப் போற லிக்னினை எடுத்தா போதுமே?

வீணாகப் போவதில்லை. இதைப் பலரும் தவறாக நினைத்திருக்கிறார்கள். கிராஃப்ட் முறையில் மரத்தை வேகவைத்துக் கூழை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புத் திரவத்தை ஆலைக்காரர்கள் பிளாக் லிக்கர் என்பார்கள். லிக்னின் அதில்தான் கரைந்திருக்கிறது. அதைக் கெட்டியாக்கிக் கொதிகலனில் எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுக்கிறார்கள், மரத்தை வேகவைக்கப் போட்ட வேதிப்பொருள்களையும் மீட்கிறார்கள். லிக்னினை வெளியே எடுத்தால் அந்த வெப்பத்துக்கு வேறு எரிபொருள் தேட வேண்டும்.

ஆனாலும் எடுப்பதற்கு நியாயம் உண்டு. பல ஆலைகளில் அந்தக் கொதிகலன்தான் இடுக்கு. அது தாங்கும் அளவுக்குமேல் கூழ் உற்பத்தியைக் கூட்ட முடியாது. கொஞ்சம் லிக்னினைப் பிரித்தால் கொதிகலனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஸ்வீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறை அதைத்தான் செய்கிறது. பிளாக் லிக்கரில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்திக் காரத்தன்மையைக் குறைத்தால் லிக்னின் திரிந்து படியும், வடிகட்டி அமிலத்தில் கழுவ வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் டோம்டார் ஆலையிலும், 2015-இல் பின்லாந்தின் சுனிலாவில் ஸ்டோரா என்சோ ஆலையிலும் இது வணிக அளவில் தொடங்கியது.

லிக்னினை எப்படி நூலாக்குவாங்க?

வெல்லப் பாகு காய்ச்சியவர்களிடம் கம்பிப் பதம் என்று சொன்னால் போதும். பதம் வந்த பாகை விரல்களுக்கு நடுவே இழுத்தால் கம்பி போல் நீளும். அதற்கு முன்னால் நீராக ஓடும், அதைத் தாண்டினால் கட்டியாகும். லிக்னினையும் உருக்கி, நுண்ணிய துளைகள் வழியாக இடியாப்பம் போலப் பிழிந்து, இழுத்துச் சுற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், எல்லா லிக்னினும் கம்பிப் பதத்துக்கு வருவதில்லை.

பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னின் உருகுவதற்கு முன்பே தன்னோடு தானே பிணைந்து கருகத் தொடங்கிவிடும். யூகலிப்டஸ் போன்ற அகன்ற இலை மரங்களின் லிக்னின் நன்றாக உருகும், நூலாகவும் வரும். ஆனால் அந்த நூலை நிலைப்படுத்தும்போது மறுபடியும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நிமிடத்துக்கு 0.05 டிகிரி என்ற வேகத்தில் போனால் 250 டிகிரியைத் தொட மூன்று நாளுக்கு மேல் ஆகும். பானுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. நூற்க எளிதானது சுடக் கடினமாகவும், சுட எளிதானது நூற்கக் கடினமாகவும் இருப்பதுதான் லிக்னினின் அடிப்படைப் பிடிவாதம். இரண்டையும் கலப்பது, வேறு பாலிமரைக் கொஞ்சம் சேர்ப்பது, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரித்து எடுப்பது என்று இதற்காகவே பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

அப்புறம் சுத்தம். காகித ஆலைக்கு லிக்னினில் சோடியம் இருந்தால் கவலையில்லை. நமக்கு அது எதிரி. சாம்பலாகும் பொருள் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இத்துறையில் புழங்கும் அளவுகோல். 6 மைக்ரான் இழையில் ஒரு மைக்ரான் துகள் இருந்தால் அந்த இடத்தில்தான் அறும். எங்கள் ஆய்வகத்தில் அறுந்த முனைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்குமேல் ஒரு துகளோ காற்றுக் குமிழியோ அங்கே உட்கார்ந்திருக்கும். வடிகட்டுவதில் சோம்பல் பட்ட நாள்களின் நூலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, வலிமை எவ்வளவு? பானுக்கு ஈடாகுமா?

ஆகாது, இன்றைக்கு. டோரேயின் பழைய, சாதாரண ரகமான டி300 இழையின் இழுவலிமை, அதாவது அறாமல் தாங்கும் அளவு, சுமார் 3.5 ஜிகாபாஸ்கல் (ஒரு பரப்பின் மேல் விழும் விசையை அளக்கும் அலகு). விறைப்பு, அதாவது நீளாமல் எதிர்க்கும் அளவு, 230 ஜிகாபாஸ்கல். லிக்னின் இழைகளில் பெரும்பாலான ஆய்வு முடிவுகள் வலிமையில் 0.5 முதல் 1 வரையும், விறைப்பில் 30 முதல் 80 வரையும் நிற்கின்றன. கார்களுக்கு உதவ வேண்டுமானால் 1.72 ஜிகாபாஸ்கல் வலிமையும் 172 ஜிகாபாஸ்கல் விறைப்பும் வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை இலக்கு வைத்தது. அதற்கே இன்னும் தூரம் இருக்கிறது.

ஒப்பிடும்போது கண்ணாடி இழையை மறக்கக் கூடாது. அதன் விறைப்பு 70 ஜிகாபாஸ்கலுக்குச் சற்று மேல், வலிமை 2-ஐத் தாண்டும், விலையோ கார்பன் ஃபைபரில் ஒரு சிறு பங்கு. லிக்னின் இழையின் உண்மையான போட்டியாளர் பான் இல்லை, கண்ணாடி இழைதான் என்பது என் கருத்து. எடை குறைவு என்பது லிக்னினுக்குச் சாதகம். அது மட்டும் போதாது.

இது காசு போட்டா தீர்ற பிரச்சினையா, இல்ல அடிப்படையிலேயே முடியாததா?

நடுவில் எங்கோ இருக்கிறது. பான் என்பது நீண்ட, நேரான சங்கிலி. இழுத்தால் சங்கிலிகள் வரிசையில் நிற்கும், சுடும்போது பக்கத்துச் சங்கிலியோடு கைகோத்து ஏணி போலாகி, அப்படியே கார்பன் தாளாக மாறும். லிக்னின் எல்லாத் திசையிலும் கிளைத்த, ஒழுங்கற்ற வலை. வைக்கோல் போரை இழுத்தால் கயிறாகாது, திரித்தால்தான் ஆகும். லிக்னினைச் சுட்டால் திசையில்லாத, கண்ணாடித் தன்மையுள்ள கார்பன்தான் இயல்பாகக் கிடைக்கும். தூய்மையைக் கூட்டினால் மட்டும் இது தீராது.

அதனால்தான் லிக்னினையும் செல்லுலோஸையும் சேர்த்து நூற்கும் யோசனை எனக்கு நம்பிக்கை தருகிறது. செல்லுலோஸ் நேரான சங்கிலி, வரிசை அதனிடமிருந்து வரும். லிக்னின் கார்பனைத் தங்க வைக்கும். மேலே சொன்ன ரேயானின் குறையை லிக்னினும், லிக்னினின் குறையைச் செல்லுலோஸும் ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் அயனித் திரவங்களில் (குறைந்த சூட்டிலேயே திரவமாக இருக்கும் உப்புகளில்) இரண்டையும் கரைத்து இப்படி நூற்கிறார்கள். உருக்க வேண்டியதில்லை என்பதால் ஊசியிலை மரத்து லிக்னினும் பயன்படும், சமாளிக்கவும் இந்த நூல் எளிது. வலிமை ஒரு ஜிகாபாஸ்கலை ஒட்டி வந்திருக்கிறது. செல்லுலோஸை மட்டுமே வைத்து ஜெர்மனியின் டென்கெண்டார்ஃப் ஜவுளி ஆராய்ச்சி நிலையம் வேலை செய்கிறது.

இதுக்கு முன்னாடி யாராவது லிக்னின் ஃபைபரை வித்திருக்காங்களா?

ஜப்பானில் நிப்பான் கயாகு என்ற நிறுவனம் 1960களின் இறுதியில் ‘கயாகார்பன்’ என்ற பெயரில் சிறு அளவில் செய்தது. பான் இழை மேலேறி வந்த காலம் அது. 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது.

செடியிலிருந்தே அக்ரிலோநைட்ரைல் செய்றாங்கன்னு படிச்சேன். அப்ப லிக்னின் எதுக்கு?

முன்னுரையில் சொன்ன இரண்டாவது வழி இதுதான். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம், கிரெக் பெக்காம் தலைமையில், 2017 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டது. மக்காச்சோளத் தட்டை போன்ற பயிர்க் கழிவின் சர்க்கரையிலிருந்து கிடைக்கக்கூடிய ஒரு அமிலத்தின் எஸ்டரை (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த பொருளை) எடுத்து, மலிவான டைட்டானியம் டைஆக்சைடு வினையூக்கியின் மேல் அம்மோனியாவோடு செலுத்தினார்கள். 98 சதவீதம் வரை அக்ரிலோநைட்ரைல் கிடைத்தது. சோஹியோ முறையில் பக்கவிளைவாக வரும் ஹைட்ரஜன் சயனைடு இதில் வரவில்லை. அந்த முறை வினை வெப்பத்தைக் கக்கும், இது வெப்பத்தை உறிஞ்சும், அதனால் கட்டுமீறிச் சூடாகும் பயமும் குறைவு. அடக்கமான ஆனால் அருமையான வேதியியல் இது.

பயோடீசல் ஆலைகளில் மிஞ்சும் கிளிசராலை எடுத்துக்கொண்டு டிரில்லியம் என்ற அமெரிக்க நிறுவனம் வேறொரு பாதையில் போகிறது. டெக்சாஸில் இனியோஸ் நிறுவனத்தின் கிரீன் லேக் வளாகத்தில் செயல்விளக்க ஆலை அமைக்க இறங்கினார்கள். இந்த வழியின் பெரிய வசதி, கிடைப்பது அதே மூலக்கூறு. பழைய நூற்பு ஆலை, பழைய உலை, பழைய விமானச் சான்றிதழ் எதையும் அடிப்படையிலிருந்து மாற்ற வேண்டியதில்லை. வலிமையும் அதேதான். உயர்தர இழைக்கு இதுவே வழி என்று நினைக்கிறேன். லிக்னினுக்கு இடம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு கம்பெனி "பயோ கார்பன் ஃபைபர்"னு போட்டிருக்கு. நம்பலாமா?

அது எந்த வகை ‘பயோ’ என்று கேளுங்கள். இன்று சந்தையில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி நிறை-சமன் கணக்கு. ஆலைக்குள் பெட்ரோலிய மூலப்பொருளோடு தாவர மூலப்பொருளையும் சேர்த்து ஊற்றுவார்கள். உள்ளே போன தாவரப் பங்கைக் கணக்கில் எழுதி, வெளியே வரும் பொருளில் அதற்குச் சமமான அளவுக்குச் சான்றிதழ் தருவார்கள். ஒரே மின்கட்டமைப்பில் (கிரிட்) சேரும் மின்சாரத்தில் ‘காற்றாலை மின்சாரம் வாங்குகிறேன்’ என்று சொல்வது போலத்தான். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் தனி ஆலை கட்ட வழியில்லாத துறைக்கு இது உதவும். ஆனால் உங்கள் கையிலுள்ள இழையில் தாவரக் கார்பன் அணு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

சாட்சி வேண்டுமானால் கார்பன்-14 அளக்க வேண்டும். அண்மையில் வளர்ந்த செடியில் அது இருக்கும். பெட்ரோலியத்தில் இருக்காது, அரை ஆயுள் 5,730 ஆண்டுதான் என்பதால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். கீழடிக் கரித்துண்டின் வயதைச் சொல்லும் அதே சோதனை.

தேங்காய்ச் சிரட்டைக் கரி நம்மகிட்ட இவ்ளோ இருக்கே, அதை நூலாக்க முடியாதா?

முடியாது. கரியான பிறகு எதையும் உருக்கவோ கரைக்கவோ இழுக்கவோ வழியில்லை. முதலில் நூல், பிறகு நெருப்பு. இந்த வரிசை மாறாது. காங்கேயம் பக்கம் சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனில் வேண்டியதே அந்த ஓட்டைகள்தான். தண்ணீரைச் சுத்தம் செய்ய அதுதான் தேவை. வலிமை வேண்டும் இடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது.

தேங்காய் நார் பற்றியும் கேட்கிறார்கள். அதில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல் உண்டு, மரத்தைவிட அதிகம். ஆனால் நாரை அப்படியே சுட்டால் உள்ளே குழல்குழலான செல்கள், சீரற்ற தடிமன், உப்புகள் எல்லாம் அப்படியே கரியாகும். லிக்னினைப் பிரித்து எடுத்து நூற்கலாம், அது வேறு வேலை.

கரும்புச் சக்கை?

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வது தெரிந்ததே. ஆகவே சக்கை லிக்னின் என்பது நமக்குக் கற்பனை இல்லை, பிளாக் லிக்கராகவே இருக்கிறது. ஆனால் கரும்பும் நெல்லும் புல் இனம். அவற்றின் லிக்னின் மர லிக்னினிலிருந்து அமைப்பில் வேறு, அதோடு மணலில் உள்ள சிலிக்காவும் கூட வரும். மேலே சொன்ன 0.1 சதவீத அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்காவை நீக்கும் செலவுதான் இங்கே முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு. சக்கையின் சர்க்கரையை அக்ரிலோநைட்ரைல் வழிக்குத் திருப்பும் யோசனை எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

செடியிலிருந்து வந்ததுன்னா மக்கிப் போயிடுமா?

மக்காது. உலையைத் தாண்டிய பிறகு அது வெறும் கார்பன், எந்த நுண்ணுயிரும் தின்னாது. அகழாய்வுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய கரி கிடைப்பது இதனால்தான். எபாக்சி பிசினும் மக்காது. பழைய பாகங்களிலிருந்து இழையை மீட்கும் தொல்லை, மூலம் எதுவானாலும் ஒன்றுதான்.

அப்ப சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?

ஒரு கிலோ கார்பன் ஃபைபருக்கு 20 முதல் 30 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாவதாகப் பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. அதில் மூலப்பொருளுக்கும் பெரிய பங்கு உண்டு, உலைக்கும் பெரிய பங்கு உண்டு. மூலப்பொருளை மட்டும் செடிக்கு மாற்றிவிட்டு நிலக்கரி மின்சாரத்தில் உலையை ஓட்டினால் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான். பிஎம்டபிள்யூவின் ஐ3 காருக்கான இழையைச் சுட்ட ஆலையை வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் அமைத்ததற்குக் காரணம் அங்குள்ள நீர்மின்சாரம். அந்த இழை பானில் இருந்து வந்தது. என்னைப் பொறுத்தவரை அதுவும் இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி.

கரைப்பானையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விஸ்கோஸ் ரேயானுக்குக் கார்பன் டைசல்ஃபைடு வேண்டும், அது நரம்பைத் தாக்கும் நச்சு. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே தூய்மையானது என்று ஆகிவிடாது.

இதுக்காகக் காட்டை வெட்டணுமா?

வேண்டாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டன் கார்பன் ஃபைபர் தேவைப்படுகிறது. அது முழுவதையும் லிக்னினில் செய்தாலும் இரண்டரை லட்சம் டன் லிக்னின் போதும். காகிதக் கூழ் ஆலைகளில் கரைந்து வெளிவரும் லிக்னின் ஐந்து கோடி டன்னுக்கு மேல். அரை சதவீதம்தான்.

வலிமை குறைஞ்ச ஃபைபரை யார் வாங்குவா?

வலிமை தேவைப்படாத இடங்கள் நிறைய இருக்கின்றன. ரேயான் கார்பன் துணி முழுதாகச் சாகவில்லை. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளின் வாய்க்குழல் உட்புறத்தில் அதுதான் இருந்தது. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது அங்கே வரம். உயர்வெப்ப உலைகளின் காப்புப் பொருளாக லிக்னின் இழையை ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் கிராஃப்டெக் நிறுவனமும் செய்து காட்டின. லிக்னின் கார்பனை மின்கல மின்முனைக்குக் கொண்டுபோக ஸ்டோரா என்சோ முயன்றிருக்கிறது. அது தூள்தான், இழை இல்லை, ஆனால் ஒழுங்கற்ற கார்பனே அங்கே வசதி. விமான இறக்கையை எட்டாததைத் தோல்வி என்று எழுதும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

காலேஜ் ப்ராஜெக்டா இதைச் செஞ்சு பார்க்கலாமா?

தாராளமாக, ஆனால் வேதியியல் ஆய்வகத்தில், புகைபோக்கிக்குக் கீழே, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. அக்ரிலிக் கம்பளி நூலை மட்டும் எக்காரணம் கொண்டும் சுடாதீர்கள், ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும்.

சாயம் போடாத விஸ்கோஸ் அல்லது பருத்தி நூலை இரண்டு பங்காக எடுங்கள். ஒன்றை டைஅம்மோனியம் ஃபாஸ்பேட் கரைசலில் ஊறவைத்துக் காயவிடுங்கள். வயலுக்குப் போடும் டிஏபி அதே பொருள்தான் என்றாலும் ஆய்வகத் தரம் வாங்குவது நல்லது. காய்ந்ததும் இரண்டையும் எடை போட்டு, தனித்தனியாக மூடியுள்ள உலோகக் குப்பியில் கரித்தூளுக்குள் புதைத்து, உலையில் மெதுவாகச் சூடேற்றி, முழுவதும் ஆறிய பிறகே திறந்து மறுபடி எடை போடுங்கள். ஊறிய நூலில் மிச்சம் கூடுதலாக இருக்கும். செல்லுலோஸ் லெவோகுளுக்கோசானாகப் பறந்து போவதை ஃபாஸ்பேட் தடுத்து, தண்ணீரை மட்டும் இழக்கும் பாதைக்குத் திருப்பிவிடுகிறது. ஊறிய நூலின் முன் எடையில் உப்பின் எடையும் சேர்ந்திருக்கும், ஊறவைப்பதற்கு முன்பும் ஒருமுறை எடை போட்டு அதைக் கழிக்க மறக்காதீர்கள்.